ஷவர் முடியட்டும்

காபி நன்றாக இருக்கிறது, தம்பி. இவ்வளவு சூடு எனக்கு ஆகாது, கொஞ்சம் ஆறட்டும். உங்கள் அம்மா ஆர்லீனும் நானும் சர்ச்சில் ஒரே வரிசையில் உட்காருகிறவர்கள், அந்த உரிமையில்தான் தம்பி என்கிறேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொல்ல விடுங்கள். நடுவில் குறுக்கிட்டால் எனக்குக் கோர்வை போய்விடும்.

ஷவர் குழாய் சொட்டுவது பெரிய சங்கதி இல்லை. எங்களுடையது கிணற்று நீர், சுண்ணாம்பு அதிகம். எந்தக் குழாயானாலும் உள்ளே உப்புப் படிந்து சில வருடங்களில் சொட்டத் தொடங்கிவிடும். சுவருக்குள் கார்ட்ரிட்ஜ் என்று ஒன்று இருக்கிறது. விரல் நீள உருளை, வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் அதற்குள்தான் கலக்கின்றன. பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகினால் தீர்ந்தது. வேலை தெரிந்தவனுக்கு அரை மணி நேரம் ஆகும். என் கணவர் வெர்லினுக்கு இரண்டு வருடம் போதவில்லை.

வெர்லின் சோம்பேறி என்று நான் சொல்லவே மாட்டேன். காலை முதல் மாலை வரை எதையாவது கழற்றிக்கொண்டுதான் இருப்பார். பூட்டுவதுதான் இல்லை. சமையலறை அலமாரிக்குக் கதவு கிடையாது. பின்வாசல் படியில் பாதிக்குப் பலகை, பாதிக்குச் செங்கல். விளக்கு போட இரண்டு சுவிட்சைத் தட்ட வேண்டும், எந்த இரண்டு என்பது எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். ஆள் கூப்பிடலாம் என்று வாய் திறந்தால் போதும், முகம் மாறிவிடும்.

"என் வீட்டுக் குழாயை இன்னொருத்தன் வந்து தொட்டான்னா, நான் எப்படிடி இந்த ஊர்ல தலை நிமிர்ந்து நடக்கறது?"

"தலை குனிஞ்சே நடங்க. கீழ படி உடைஞ்சிருக்கறதாவது தெரியும்."

இதற்குச் சிரிப்பார். சிரிக்க வைத்தால் வேலை நடக்கும் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் கையைப் பாருங்கள். விரல்களெல்லாம் வேர் மாதிரி முறுக்கிக்கொண்டுவிட்டன. இந்த விஸ்கான்சின் குளிரில், ஏரி உறைந்துவிட்டால், ஒரு சட்டைப் பொத்தானைக்கூட என்னால் போட முடியாது. எங்கள் மகள் கோரின் டூசானில் இருக்கிறாள். பாலைவன ஊர், வறண்ட வெயில். ஒரு முறை அங்கே போயிருந்தபோது பேரனுக்கு நானே ஷூ நாடா கட்டிவிட்டேன். விமானத்தில் திரும்பி வரும்போது, வீட்டை விற்றுவிட்டு அங்கேயே போய்விடலாம் என்று வெர்லினே சொன்னார். நானாகக் கேட்கவில்லை. அவர் வாயால் வந்தது.

வீட்டை விற்க வேண்டுமானால் பாதியில் கிடக்கும் வேலைகளை முடிக்க வேண்டும் இல்லையா? அலமாரிக்குக் கதவு போட்டார். படியைக் கட்டினார். அவர் உற்சாகத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது, இத்தனை நாள் சந்தேகப்பட்டோமே என்று. கடைசியில் மிஞ்சியது இந்த ஷவர் ஒன்றுதான்.

"ஷவர் முடியட்டும் லோர்ணா. அடுத்த நாளே வாசல்ல 'விற்பனைக்கு'ன்னு போர்டு நட்டுடலாம்."

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஹார்டுவேர் கடைக்குப் போவார். ஏதோ ஒரு கார்ட்ரிட்ஜ் வாங்கி வருவார். ஒன்று நீளமாக இருக்கும், ஒன்று தடிமனாக இருக்கும். பழைய குழாய், கம்பெனியையே மூடிவிட்டான், சாமான் கிடைப்பதில்லை என்பார். திருப்பிக் கொடுக்கப் போவார். கடையின் பின்பக்கம் அடுப்பைச் சுற்றி அவர் வயதுக்காரர்கள் காபியோடு உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் வந்து சேர்வார். குளியலறையில் சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு குளிர்காலம் போனது, இன்னொன்றும் போனது. எனக்கு எரிச்சலாக இருந்தது, அதை மறைக்கவில்லை. தொலைபேசியில் கோரின் "எப்பம்மா வரீங்க?" என்று கேட்கும்போதெல்லாம் "ஷவர் முடியட்டும்" என்று சொன்னது என் வாய்தான். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சல்.

போன வசந்தத்தில் விளக்கு பல்பு வாங்க நானே அந்தக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த டூயனிடம், ஏன் எங்களுக்கு மட்டும் சரியான கார்ட்ரிட்ஜ் கிடைக்கமாட்டேன் என்கிறது என்று கேட்டேன். அவன் முழித்தான்.

"கிடைக்கலையா? சரியானதை அவர் கையில நான்தானே குடுத்தேன், அது ஆச்சு ஒரு வருஷம். சுலபமா கிடைக்கிற சாமான்தான் அது. வெர்லின் இங்க வர்றது அரட்டைக்கு." பிறகு எனக்கு உதவுகிற நினைப்பில் இன்னொன்றும் சொன்னான். "ஒருவேளை பழசு உள்ள இறுகிப்போய் வரலையோ என்னமோ. அப்படின்னா அதைப் பிடிச்சிருக்கற கிளிப்பைக் கழட்டிட்டு, ஒரு கெட்டித் துணியைப் போட்டு மூடி, தண்ணியை லேசாத் திறந்துவிடச் சொல்லுங்க. அந்த வேகத்துலயே தள்ளிக்கிட்டு வந்துடும். தள்ளி நிக்கணும், அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து கராஜில் தேடினேன். உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போகும்போது அவர் எடுத்துப்போகிற வாளி ஒன்று உண்டு. அதில் கம்பளிக் கையுறைகளுக்கு அடியில், உறை பிரிக்காமல் இருந்தது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தேன். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிக்கிறவனை எழுப்ப முடியாது. அவருக்கு இந்த ஊரைவிட்டு வர மனமில்லை. அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், அப்புறம் சமையலைப் பார்க்கப் போயிருப்பேன். சொல்லாமல், ஒரு சொட்டுக் குழாயைக் காவலுக்கு வைத்துவிட்டு, என் கைகளைத் தினமும் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து முட்டை சாப்பிட்டார். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

காலையில் அவர் கடைக்குக் கிளம்பும்போது, "திங்கட்கிழமை பிளம்பர் வர்றார்" என்றேன். அது பொய். நான் யாரையும் கூப்பிடவில்லை.

"யாரைக் கேட்டுக் கூப்பிட்ட?"

"யாரையும் கேக்கல."

கார்ச் சாவியை மேசையில் போட்டார். கராஜுக்குப் போய்விட்டு அந்த உருளையோடு வந்தார். வாளி வாசம் அதில் அடித்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "தேடினாக் கிடைக்கும்" என்றார்.

எங்கள் வீட்டில் குளியலறைக்கான வால்வுகள் கீழே பேஸ்மென்டில் இருக்கின்றன, பச்சைத் தண்ணீருக்கு நீலம், வெந்நீருக்குச் சிவப்பு. அவருக்கு முட்டி வலி, படி இறங்கி ஏற மாட்டார். அதனால் எப்போதுமே கீழே நான், மேலே அவர். குளியலறையிலிருந்து அழுக்குத் துணியைக் கீழே தள்ளிவிடச் சுவருக்குள் ஒரு தகரப் பாதை உண்டு, பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அதன் வழியாகத்தான் பேசிக்கொள்வோம். பல வருடமாக அப்படித்தான். அவர் குரல் துணி விழுகிற கூடைக்குள் வந்து விழும்.

"மூடிட்டியா?"

"மூடிட்டேன்."

அது உண்மை. இரண்டையும் இறுக்கி மூடியிருந்தேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் ஷவரைத் திறந்து பார்த்தார், நாலு சொட்டு வந்து நின்றது. கைப்பிடியைக் கழற்றினார், கிளிப்பை இழுத்தார். அப்புறம் குறட்டால் கார்ட்ரிட்ஜைப் பிடித்து ஆட்டத் தொடங்கினார். வரவில்லை. சுண்ணாம்பு அதைச் சுவரோடு சுவராக்கியிருந்தது. அவர் திட்டுவது கூடைக்குள் விழுந்துகொண்டே இருந்தது. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது, நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

பிறகு திட்டுவது நின்றது.

"லோர்ணா, இது வராது. சுவரையே உடைக்கணும் போலிருக்கு. உடைச்சா டைல் மாத்தணும். டைல் மாத்தினா தொட்டியையும் மாத்தணும்."

"எவ்வளவு நாளாகும்?"

"இந்தக் குளிர் போகட்டும். வசந்தத்துல பாக்கலாம்."

சொல்லிவிட்டு விசிலடித்தார். மகிழ்ச்சியாக இருந்தால் மட்டும் அவருக்கு வரும் விசில் அது. கோரின் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் கேட்டிருக்கிறேன்.

"விட்டுடாதீங்க" என்றேன். "கிட்டப் போய் விளக்கடிச்சு நல்லாப் பாருங்க. கிளிப் முழுசா வந்துடுச்சான்னு பாருங்க."

தொட்டிக்குள் அவர் மண்டியிடும் சத்தம் கேட்டது.

"முழுசா வந்துடுச்சே. தண்ணி மூடித்தானே இருக்கு?"

"மூடித்தான் இருக்கு."

சிவப்பு வால்வைத் திறந்தேன். லேசாகத் திறந்துவிடச் சொன்னான் டூயன். என் விரலுக்கு லேசு, பலம் என்ற கணக்கெல்லாம் இல்லை, திருகினால் முழுக்கத் திருகும். டூயன் சொன்னது பொய்யில்லை. கார்ட்ரிட்ஜ் உடனே வந்துவிட்டது.

அவர் ஒரு முறை கூப்பிட்டார். என் பெயரையா, வேறு எதையாவதா என்று சரியாகக் கேட்கவில்லை. பிறகு கனமாக ஏதோ விழுந்தது. அதற்குப் பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். டிரையரில் துண்டுகள் காய்ந்திருந்தன, அவற்றை மடித்தேன். வேலை செய்கிறபோது நான் போய் நின்றால் அவருக்குப் பிடிக்காது, "தலைக்கு மேல நிக்காதே" என்பார். எல்லாத் துண்டையும் மடித்து முடித்து, தண்ணீரை வீணாக்குவானேன் என்று வால்வை மூடிவிட்டுத்தான் மேலே போனேன். அங்கே பார்த்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் எடுத்த படம் உங்களிடம் இருக்கிறது.

வயதானவர், தண்ணீரை மூட மறந்து குழாயைக் கழற்றிவிட்டார், வழுக்கி விழுந்தார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. சர்ச்சுப் பெண்கள் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கிச் சுட்ட கேசரோல்களைக் கொண்டுவந்தார்கள். பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று கோரின் கழுவப் போனாள். துக்கம் கேட்க வந்திருந்த நீங்கள் அவளுக்குப் பின்னால் நின்று துடைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். நல்ல வளர்ப்பு, ஆர்லீனிடம் சொன்னேன்.

"அம்மா, தண்ணி ஏன் இப்படிக் கொதிக்குது?" என்று அவள் கையை உதறியபோது உங்கள் முகத்தை நான் பார்த்தேன். நீங்கள் கீழே போய் வெந்நீர் ஹீட்டரைப் பார்ப்பீர்கள் என்று அப்போதே தெரியும். வீடு நிறைய ஜனம் இருந்ததில் அதன் சூட்டைக் குறைத்து வைக்க மட்டும் மறந்துவிட்டேன்.

பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை, அதனால்தான் அன்று சூட்டைக் கூட்டினேன் என்று காலையில் உங்களிடம் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். நான் வேண்டியது ஒன்றே ஒன்று, அந்த வேலை முடிய வேண்டும். முடிந்தும்விட்டது. நேற்றுப் பிளம்பர் வந்து புதியதைப் பொருத்திவிட்டுப் போனார், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது சொட்டுவதில்லை.

ஹீட்டரை அன்று மட்டும் கூட்டவில்லை, தம்பி. டூயனிடம் பேசிவிட்டு வந்த வாரத்திலிருந்து, ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் கீழே போய் அந்தத் திருகைக் கடைசிவரை திருப்பி வைப்பேன். அவர் கடைக்குப் போய் அரட்டையடித்துவிட்டு வெறுங்கையோடு வந்து உட்கார்ந்ததும், மறுபடி இறங்கிப் போய்ப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவேன். என் கையால் அதைத் திருகுவது லேசான வேலை இல்லை. குளித்துவிட்டு வந்து, "இன்னிக்குத் தண்ணி சுகமா இருந்துச்சு லோர்ணா" என்று அவர் சொன்ன சனிக்கிழமைகளும் உண்டு. வசந்தம் போய், கோடை போய், இலையெல்லாம் உதிர்ந்து, கடைசியில் பொறுக்க முடியாமல்தான் அந்தப் பிளம்பர் பொய்யைச் சொன்னேன்.

எதையும் சொன்ன நாளில் அவர் தொடங்கியதே இல்லை. இதற்கும் என்னைக் காத்திருக்கத்தான் வைத்தார்.