தளவாய்க்கு ஒரு சார்ஜ் மெமோ

அது எனக்குத் தெரியும் வக்கீலம்மா. மூணு மாசச் சம்பளத்தக் குடுத்துட்டா காரணமே சொல்லாம மேனேஜர அனுப்பிரலாம். அவன் வேல ஆர்டர்லயே அப்படித்தான் இருக்கு, நீங்க எழுதிக் குடுத்ததுதான. அது வேண்டாம்ங்கேன். தளவாய் என் மில்ல விட்டுப் போவும்போது பேரு கெட்டுத்தான் போவணும். சார்ஜ் மெமோ போடுங்க.

காரணமா? பொய் லீவு. முதுகு வலி, படுக்கையில கெடக்கேன்னு தசராவுக்கு முன்னால டாக்டர் சீட்டு அனுப்புதான். இந்தா, போட்டோவப் பாருங்க. குலசேகரன்பட்டினம் கடற்கரை. காளி வேசம். கிரீடத்தக் கழத்தி மடியில வச்சுக்கிட்டு டீ குடிக்கான் முதுகு வலிக்காரன்! அந்தப் பத்துக் கையையும் முதுகுலதாம்மா கட்டணும்.

சிரிக்காதீங்க.

நேர்த்திக்கடன்னா எங்கிட்டச் சொல்லிட்டுப் போவட்டும். நான் என்ன சாமி கும்பிடாதவனா? முக்கூடல்ல நெல்லு மூட தூக்குன பய நான். அதே ஊர்ல அரிசி மில்லு வச்சிருக்கேன்னா அது ஆத்தா போட்ட பிச்சை.

களவா? சேச்சே. அவன் இருந்தா ஒரு குருணை வெளிய போவாது. அந்தப் புத்தியெல்லாம் கெடையாது.

ஒரு வார்னிங் போதும்ங்கீங்க. இதுக்குப் போயி டிஸ்மிஸ் பண்ணினா கோர்ட்டு நம்மளத்தான் காறித் துப்பும்ங்கீங்க. எம்மா, நீங்க எனக்கு வக்கீலா, அவனுக்கு வக்கீலா?

சத்தம் போடல. எங்கொரலே இதான்.

என்னது? வேசத்துல அவன நேர்ல பாத்தேனான்னா... பாத்தேன். நம்ம மில்லுக்கே வந்தான், மேளம் கொட்டி, ஒரு கூட்டத்தோட. அவன்னு தெரியாதும்மா! மூஞ்சி பூரா மை, கோரப்பல்லு, தொங்குத நாக்கு. உங்க சர்ச்சுல இதெல்லாம் கெடையாது, உங்களுக்கு எப்படிச் சொல்ல... வேசம் கட்டிட்டா அது ஆளு இல்ல, சாமி. நாம கால்ல விழுந்து கொறையச் சொல்லணும். அது வாக்குச் சொல்லும்.

விழுந்தேன். வேலக்காரங்க அம்புட்டுப் பேரு முன்னாலயுந்தான். அதுக்காவவா மெமோ கேக்கேன்? போவட்டும், அது பரவால்ல.

பேனாவக் கீழ வைங்க. இது கேஸ் கட்டுல ஏறக் கூடாது.

மில்ல ஒரு கோயம்புத்தூர்க்காரனுக்கு விலை பேசி வச்சிருந்தேன். வீட்டுல கூடச் சொல்லல. தளவாய்க்கு எப்படிச் சொல்ல? வாங்குதவன் மொத வேலையா தளவாய எடுத்துட்டுத் தன் ஆள உக்கார வைப்பான்னு பேச்சு. எனக்கு மனசு ஒரு நெலையில இல்ல. காளியப் பைய குடோனுக்குப் பின்னால கூட்டிட்டுப் போயி, ஆத்தா, வித்துரட்டுமான்னு கேட்டேன்.

கண்ண உருட்டி ஒரு பார்வ பாத்துச்சு. விக்காதலேன்னுச்சு.

கோயம்புத்தூர்க்காரன் கிட்ட அன்னைக்கே வரவேண்டாம்னுட்டேன். அவன் அம்பாசமுத்திரத்துல வேற மில்ல முடிச்சிட்டுப் போயிட்டான். பொறவுதான் இந்தப் போட்டோ வருது, அதே காளி.

ஆமா, முதலாளிக்கு வாக்குச் சொன்னான்னு எந்த விதியில எழுத? எனக்கே தெரியுது, எழுத முடியாது. அதுக்குத்தான் பொய் லீவுன்னு ஒண்ணப் போட்டு விசாரணைய வைங்கங்கேன். அவன எதுர்ல உக்கார வச்சு நீங்க கேள்வி கேக்கலாம்லா? நான் கேட்டா அசிங்கம். எனக்காவ ஒண்ணே ஒண்ணு கேளுங்க. விக்காதன்னது அவன் சொன்னதா, ஆத்தா சொன்னதா?