ஒரு தாள் குறைவு

தங்கையின் கணவர் முதல் தடவை என் மேசைக்கு வந்தது செவ்வாய்க்கிழமையா வியாழக்கிழமையா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். விசாரணைக்காக அது இப்போது உங்களிடம்தான் இருக்கிறது. எதையும் ஆதாரத்தோடு சொல்லிப் பழகியவன் நான். இந்த ஒன்றில் மட்டும் தடுமாறுகிறேன்.

வீட்டுக்கடன் கொடுக்கும் நிறுவனத்தில், தவணை கட்ட முடியாமல் போனவர்களின் விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்ப்பது என் வேலை. வருகிறவர்கள் நாற்காலியின் நுனியில் உட்காருவார்கள். நான் எல்லோருக்கும் ஒரே குரலில் மூன்று வழிகளைச் சொல்வேன். காலத்தை நீட்டித் தவணையைக் குறைத்துக்கொள்ளலாம். ஏலம் வருமுன் நாமே வீட்டை விற்றுக் கடனை அடைக்கலாம். ஒன்றும் முடியாவிட்டால் நீதிமன்றத்தில் திவால் மனு போடலாம். தலையை ஆட்டுவார்கள். வெளியே போனதும் எதுவும் செய்யமாட்டார்கள். ஏல அறிவிப்பு கதவில் ஒட்டிய பிறகு ஓடி வந்து, "முன்னாடியே சொல்லக் கூடாதா சார்?" என்பார்கள். பன்னிரண்டு வருடம் இதைக் கேட்டால் யாருக்கும் சலிப்புத் தட்டும்.

மாப்பிள்ளை அப்படியில்லை. அறிவிப்புக் கடிதம் கிடைத்த வாரமே வந்துவிட்டார். அவர் டைல்ஸ் போடுகிறவர். முழங்கால் வீங்கி ஐந்து மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. ஏலத்துக்குத் தொண்ணூறு நாள் இருந்தது. தவணையைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தார். எல்லாத் தாளும் வரிசையாக இருந்தன. இனி வேலை தருவதாக மேஸ்திரி எழுதிக் கொடுத்த கடிதமும் இருந்தது. உறவினர் கோப்பை நான் தொடக் கூடாது என்று விதி. இவர் என் உறவினர் என்று மேலாளரிடம் நான் சொல்லவில்லை.

எங்கள் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் ஏலம் அங்கேயே நிற்கும். ஒரு தாள் குறைந்தாலும் முழுக் கோப்பையும் தபாலில் திருப்பி அனுப்பிவிடுவோம். போய் வர மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும், குறைந்த தாளை மறுபடி வாங்க அலையும் நாட்களும் தொண்ணூறில் கழியும்.

நான் மேஸ்திரியின் கடிதத்தை எடுத்து என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கோப்பு திரும்பியதும் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டேதான் வந்தார். "என்ன மச்சான், உங்க ஆபீஸ்ல பேப்பர் தின்னற எலி இருக்கா?"

"இருக்கும் போல. நகல் வச்சிருக்கீங்களா?"

"ஏது? மறுபடி எழுதித் தாங்கன்னு போய் நின்னா, 'உனக்கு எழுதறதுக்குத்தான் நான் பொறந்தேனா'ன்னு அந்த மேஸ்திரி கத்தறான்."

இரண்டாம் முறை வருமான விவரத் தாளை எடுத்தேன். மூன்றாம் முறை தங்கை கையெழுத்துப் போட்ட பக்கத்தை எடுத்தேன். அன்று அவர் சிரிக்கவில்லை.

"அடுத்த தடவை என்னையே மடிச்சு கவர்ல போட்டுடறேன் மச்சான். நான் ஒருத்தன் குறையாம வந்து சேர்றேனான்னு பார்ப்போம்."

நடுவில் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் வீட்டை நல்ல விலைக்குக் கேட்டார். விற்கட்டுமா என்று மாப்பிள்ளை என்னிடம்தான் யோசனை கேட்டார். அவசரப்படாதீங்க, விண்ணப்பம் பாஸாகிடும் என்றேன். திவால் மனுவைப் பற்றிக் கேட்டார். "திவாலானவர்னு பேர் வந்துடும் மாப்பிள்ளை. நாளைக்குப் பொண்ணுக்கு வரன் பார்க்கறப்போ முதல்ல அதைத்தான் கேப்பாங்க" என்றேன். இப்படி மூன்று வழிகளையும் நான் ஒவ்வொன்றாக விளக்கினேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். பல வருடங்களுக்கு முன் என் வீடும் ஏலத்தில் போனது. விண்ணப்பம் கொடுக்க நான் இரண்டு நாள் தாமதம். அதன் பிறகு ஏழு மாதம் தங்கை வீட்டின் முன்னறையில் படுத்திருந்தேன். அவர்கள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாப்பிள்ளை யார் வந்தாலும், "மச்சான் நம்ம வீட்டோடதான் இருக்காரு" என்பார். தட்டில் எனக்குத்தான் முதலில் போடுவார்கள். அப்படிப்பட்ட கடனை எப்படித் திருப்புவது என்று எந்தப் படிவத்திலும் இல்லை. அவர்கள் வீட்டு ஏலத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போதே நான் பெரிய வாடகை வீடாகப் பார்த்துக் குடிபோனேன். அவர்களுக்கென்று ஓர் அறை, கட்டில், தங்கை மகளுக்கு ஒரு மேசை. முன்யோசனை என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். இவர்களுக்கு வேறு யார் இதையெல்லாம் செய்வார்கள்?

மற்ற கோப்புகளைப் பற்றியும் கேட்டீர்கள். ஒரே கோப்பு மூன்று முறை திரும்பினால் மேலாளர் கண்ணில் படும். நிறையக் கோப்புகள் திரும்பினால், ஜனங்களுக்குப் பொறுப்பில்லை என்று நினைத்துக்கொள்வார். ஆகவே மற்றவர்களுடையதிலிருந்தும் ஒவ்வொரு முறையும் ஆளுக்கொரு தாள் எடுத்தேன். பதினான்கு குடும்பங்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

எதையும் கிழிக்கவில்லை. அலுவலகத் தாளைக் கிழிக்க எனக்குக் கை வராது. எல்லாவற்றையும் தேதி போட்டு ஓர் அட்டைக்குள் அடுக்கி வைத்திருந்தேன். ஏலம் முடிந்த மறுநாள், சாமான் கொண்டு வருமுன் என் புது வீட்டில் இடம் பார்க்கத் தங்கை வந்தாள். போர்வைகளை வைக்க அலமாரியைத் திறந்தாள். தன் கையெழுத்தைத் தானே கண்டெடுத்தாள்.

"என்னண்ணா இது?" என்றாள்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் அந்த அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் இறங்கிப் போனாள்.

பதினைந்து வீடுகளும் விற்றுப்போயின. சட்டப்படி வாங்கியவர்களிடமிருந்து அவற்றைத் திருப்ப முடியாது என்று உங்கள் வழக்கறிஞரே சொன்னார். பதினான்கு பேரில் ஒருவரான தையல்காரம்மா இறந்துவிட்டார். அதை நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். மாப்பிள்ளை தவணைக்காக வீங்கிய காலோடு இரண்டு இடத்தில் வேலை பார்த்ததில் இப்போது மண்டியிட முடியவில்லை. ஒரு கடை வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். அவர் மகள் படிப்பை நிறுத்திவிட்டாள். புகார் கொடுத்தது தங்கை. மூவரும் இப்போது யாரோ ஒருவர் வீட்டு மாடியில், ஓர் அறையில் இருக்கிறார்கள். மாதக் கடைசியில் அதையும் காலி செய்ய வேண்டுமாம். இந்த வாக்குமூலத்தின் ஏழு தாள்களிலும் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், எதுவும் குறையவில்லை. கோபம் ஆறியதும் தங்கை என் வீட்டுக்கு வருவாள். போக அவளுக்கு வேறு இடம் இல்லை.