தட்டாமல் போட்ட டிக்

மாலை ஏழு மணி. ரயில் பட்டறை மதிலை ஒட்டிய சாலை... ஒரு ஈ காக்கை இல்லை. என் நண்பனுடைய பெரியப்பா வேலை முடிந்து தனியாக நடந்து வருகிறார். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

பட்டறையில் அவருக்கு பாய்லர் சரிபார்க்கும் வேலை. ஒவ்வொரு ரிவெட் ஆணியையும் சின்னச் சுத்தியலால் தட்டுவார். ‘டிங்’ என்றால் இறுக்கம். சுண்ணக்கட்டியால் ஒரு டிக் போடுவார். ‘டொக்’ என்றால் ஆணி ஆடுகிறது. கழற்றி எறிய வேண்டும்.

வாரக்கணக்கில் கட்டுகிற நீராவி எஞ்சினை ஒரே பகலில் கட்டி, இன்னொரு பட்டறையின் மூக்கை உடைக்க வேண்டுமென்று மேனேஜருக்கு வெறி. கடிகாரமும் கையுமாகப் பெரியப்பாவின் பின்னாலேயே நின்றார்.

"தட்டிக்கிட்டே இருந்தா விடிஞ்சிரும்யா. டிக்கைப் போடு!"

போட்டார். தட்டாமலே... வரிசையாக. பொழுது சாய்வதற்குள் எஞ்சின் தயார். ஒரே கைதட்டல், போட்டோ.

அந்த எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவன் அவருடைய தங்கை புருஷன். சில மாதத்தில் பாய்லர் வெடித்தது. தண்ணீர் வற்றியதை அவன்தான் கவனிக்கவில்லை என்று விசாரணையில் பழியைத் தூக்கி அவன் தலையில் போட்டார்கள். செத்தவன் எழுந்து வந்தா மறுத்துப் பேசப் போகிறான்? பெரியப்பாவும் வாயைத் திறக்கவில்லை.

தங்கை மட்டும் கேட்டாள். "நீ எல்லாத்தையும் தட்டிப் பாத்துத்தானே விட்டே, அண்ணா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார், பாவி மனுஷன்.

அதற்கு மறுநாள்தான் நான் சொன்ன அந்தச் சாலை.

பின்னால்... டிங்.

விளக்குக் கம்பத்தை யாரோ தட்டுகிறார்கள். டிங்... அடுத்த கம்பம். டிங்... இரும்பு வேலி. பெரியப்பா நடையை எட்டிப் போட்டார். சத்தமும் கூடவே வந்தது. அப்படியே நின்றுவிட்டார். முதுகுக்குப் பின்னால் ஈரச் சாம்பல் வாடை... வெந்த தோலின் வாடை. அடுத்தது தன்னைத்தான் தட்டும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

தட்டவில்லை. சட்டையின் மேல் ஏதோ ‘சர்க்’கென்று இழுத்தது... அவ்வளவுதான்.

விழுந்தடித்து வீடு வந்து சேர்ந்தார். தங்கைதான் கதவைத் திறந்தாள்.

"என்ன அண்ணா, முதுகெல்லாம் சுண்ணாம்பு? டிக் போட்ட மாதிரி இருக்கு. நில்லு, தட்டி விடறேன்."

"வேண்டாம்மா... தட்டாதே!"

அவள் அதற்குள் தட்டிவிட்டாள்.

டொக்.