மூன்று முறை சொன்னேன்

ஐயா, என் பெயரில் ‘ச்’ என்ற ஒற்று கிடையாது. அருணாசலம். உங்கள் மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை நகலில் ஐந்து இடங்களில் ‘அருணாச்சலம்’ என்று அடித்திருக்கிறார்கள். டைப்பிஸ்டைக் குறை சொல்லவில்லை. சேந்தமங்கலத்தில் எனக்குப் பாடம் எடுத்த வாத்தியாரே அப்படித்தான் எழுதினார். திருத்திவிட்டால் போதும்.

இன்னொரு திருத்தமும் இருக்கிறது. அது கொஞ்சம் நீளம். ஒன்பதாம் பக்கத்தில், கொல்லிமலை மக்காச்சோளத் திட்டம் தோற்றதற்கான காரணங்களில் ‘மொழிபெயர்ப்பில் ஏற்பட்ட குறைபாடுகள்’ என்று ஒரு வரி வருகிறது. அந்தத் திட்டத்தில் மொழிபெயர்த்தவன் நான் ஒருவன்தான். என் வேலையில் குறைபாடு எதுவும் கிடையாது. ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்துத்தான் வைத்தேன். குறைபாடு என்பது அறியாமல் வருவது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஐம்பத்தொன்பதில் திட்டத்தை நடத்த அமெரிக்காவிலிருந்து ஹால்வர்சன் துரை வந்தபோது நான் கிராம சேவகர். மலைக்கு ரோடு கிடையாது. காரவள்ளியில் ஜீப்பை நிறுத்திவிட்டு அரை நாள் ஏற வேண்டும். அவருடைய டைப்ரைட்டரை ஒருவரும், மடக்குக் கட்டிலை இரண்டு பேரும், அவர் நாட்டு மீன் டப்பாக்களை நாலு பேரும் சுமந்தார்கள். ஆள் பனைமர உயரம். மலைக்காரர்களின் நாக்கில் ஹால்வர்சன் என்ற பெயர் நிற்கவில்லை. ஒரே வாரத்தில் அல்வாதுரை ஆகிவிட்டார். என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று என்னைக் கேட்டார். ‘மலையரசன்’ என்று அர்த்தம் என்றேன். அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

நல்ல மனிதர், அதைப் பதிவு செய்துவிடுகிறேன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார். மலைக்காரர்களை முன்னேற்ற வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டார்.

தேவனூர் நாட்டில் முதல் கூட்டம். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. உங்களுக்கு முக்கியமாக என்ன வேண்டும் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். வெள்ளையன் என்று ஒரு குடியானவன் எழுந்தான். இரண்டு காணி சாமைக்காடு வைத்திருந்தான்.

“பன்னிங்க. காட்டுப்பன்னி வந்து காட்டையே உழுதுபோட்டுப் போயிருதுங்க. அதுக்கு ஒரு வழி சொல்லச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க.”

கூட்டம் மொத்தமும் ஆமாங்க, ஆமாங்க என்றது.

“உயர்ந்த ரக விதை வேண்டும் என்கிறார்கள்” என்று துரையிடம் சொன்னேன்.

காரணம் இருக்கிறது. திட்டக் கோப்பு அவர் ஊரில் ஏற்கெனவே கையெழுத்தாகி வந்திருந்தது. அதில் விதை இருந்தது, பன்றி இல்லை. பன்றி என்று நான் சொல்லியிருந்தால் அவர் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவார், அவர்கள் பன்றி நிபுணரைத் தேடுவார்கள், அவருக்கும் ஒரு கட்டில் சுமக்க வேண்டும். எல்லோருக்கும் இரண்டு வருஷம் மிச்சம் செய்தேன்.

பிறகு துரை மண்ணைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். தழைச்சத்து, மணிச்சத்து, அமெரிக்காவில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை, எல்லாம். முடித்ததும் நான், “நல்லா வெளையுமாம்” என்றேன். வெள்ளையன் பெண்சாதி பெருமாயி துணிச்சல்காரி. “ஏனுங்க, இம்புட்டு நேரம் பேசுனது அவ்வளவுதானுங்களா?” என்று கேட்டாள். அவர்கள் பாஷை நீளமான பாஷை என்றேன்.

இப்படித்தான் நடந்தது. கக்கூஸ் கட்ட சிமெண்டுப் பலகை கொடுத்தோம். அதில் மிளகு காயப்போட்டார்கள். வழவழப்பாக இருக்கிறது, மிளகில் மண் ஒட்டவில்லை என்று மெச்சினார்கள். பலகையை மக்கள் விரும்பி உபயோகிக்கிறார்கள் என்று துரையிடம் சொன்னேன். அதில் ஒரு எழுத்து பொய் கிடையாது.

அறுபதில் விதை வந்தது. சாக்கு சாக்காக மக்காச்சோளம். பூச்சி பிடிக்காமல் இருக்கப் பாதரச மருந்தில் புரட்டி, செக்கச்செவேல் என்று சாயம் ஏற்றியிருந்தார்கள். சாக்கின் மேல் மண்டையோடும் இரண்டு எலும்பும். துரை என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். இது விதைக்க மட்டும். தின்றால் உடனே ஒன்றும் தெரியாது, சில வாரம் கழித்து நரம்பைப் பிடிக்கும், பிடித்தால் விடாது. கழுவினால் சாயம்தான் போகும், விஷம் போகாது. நான் புரிந்துகொண்டேனா என்று திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிசகாமல் சொன்னேன்.

குண்டூர் நாட்டில் அதை அப்படியே மொழிபெயர்த்தேன், ஐயா. மூன்று வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் அப்படி. ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன் கடைசி வரை கேட்டுவிட்டு, “வெசத்த எங்க காட்டுல போட்டு, அதுல வெளையறத எங்க புள்ளைங்களுக்கு ஆக்கிப்போடச் சொல்றீங்க. நல்லாருக்குதுங்க சாமி. எடுத்துக்கிட்டுப் போங்க” என்றார். நாற்பது சாக்கும் வந்த வழியே இறங்கின.

துரை இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த பட்டத்தில் அறுபது குடும்பமாவது புது விதைக்கு மாறாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். மாறினால் ஒரு உள்ளூர் ஊழியரை ஆறு மாதப் பயிற்சிக்கு அங்கே அழைப்பார்களாம். உள்ளூர் ஊழியர் என்றால் நான்தான். துரை தன் வீட்டுப் படத்தைக் காட்டியிருந்தார். கூரை மேல் ஆள் உயரத்துக்குப் பனி. எனக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அதுதான் காரணம் என்று சொல்லவில்லை. அதுவும் இருந்தது.

உண்மையைச் சொன்னால் திட்டம் கீழே இறங்கிவிடுகிறது என்பதை நான் கண்கூடாகப் பார்த்துவிட்டேன். அறுபத்தொன்று வைகாசியில் தேவனூர் நாட்டில் கூட்டம் போட்டோம். துரை ஒரு சாக்கைப் பிரித்துச் சோளத்தைக் கையில் அள்ளிக் காட்டினார். “இது விஷம், தின்னக்கூடாது என்று சொல். மூன்று முறை சொல்” என்றார்.

மூன்று முறை சொன்னேன். முதல் தடவை, மழைக்கு முந்தி ஊன்றிவிட வேண்டும் என்றேன். இரண்டாம் தடவை, வரிசையாக ஊன்ற வேண்டும் என்றேன். மூன்றாம் தடவை சொல்ல ஒன்றுமில்லாததால், “துரைக்கு உங்க ஊடு, காடு, கண்ணு குட்டி எல்லாம் ரொம்பப் புடிச்சிருக்குதாம், பொண்ணு குடுத்தா இங்கயே இருந்துக்கறாராம்” என்றேன். கூட்டம் சிரித்து உருண்டது.

துரைக்கு முகம் சுருங்கியது. “ஏன் சிரிக்கிறார்கள்?” என்றார்.

“மலைக்காரர்கள் பயந்தால் சிரிப்பார்கள்” என்றேன்.

அவர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஊர்க்கவுண்டர் செல்லமுத்து சாக்கின் மேலிருந்த மண்டையோட்டை விரலால் தடவி, இது யாருங்க என்று கேட்டார். கம்பெனி முத்திரை என்றேன். அறுபத்துமூன்று குடும்பம் விதை வாங்கிக்கொண்டது.

ஊன்றினார்கள். ஊன்றிய அன்றே பன்றி வந்து வரிசையாகத் தோண்டித் தின்றது. வரிசையில் ஊன்றியிருந்ததால் அதற்கும் சௌகரியம். ஒரு மாதம் கழித்து ஒரு பெரிய ஆண் பன்றி தேவனூர் ஓடையோரம் ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழுந்ததாம். செல்லமுத்து என்னைத் தேடி வந்து விசாரித்தார். புது சோளம், தெம்பு ஜாஸ்தி, பன்றிக்கு ஜீரணமாகவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். ஐயா, மக்கள் கேட்ட ஒரே விஷயத்தில் திட்டம் ஓரளவு வெற்றி பெற்றது. உங்கள் அறிக்கையில் அது இல்லை.

அந்த வருஷம் மழை தள்ளிப்போனது. ஆடியில் சாமையும் கேழ்வரகும் தீர்ந்தன. ஊன்றாமல் வைத்திருந்த சோளம் வீட்டுக்கு வீடு சாக்கில் இருந்தது. ஒரு நாள் பெருமாயி வழியில் என்னை நிறுத்தினாள்.

“ஏனுங்க சாமி, அந்தச் சோளத்தக் கழுவுனாச் சாயம் போயிருமுங்களா?”

“போயிரும்” என்றேன்.

சாயம் போகும். அவள் கேட்டது சாயத்தைத்தான்.

மறு வாரம் அவர்கள் வீட்டு வழியாக வந்தபோது என்னை உட்காரவைத்துச் சோளக்களியும் கீரைக் கடைசலும் வைத்தாள். களி நல்ல வாசனையாக இருந்தது. வெள்ளையன், “கூச்சப்படாமச் சாப்புடுங்க, உங்க சோளந்தானுங்க” என்றான். அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகளும் எனக்கு எதிரே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன. சின்னது வாய் ஓரமெல்லாம் அப்பிக்கொண்டிருந்தது. இன்று எனக்கு ஒரு பொழுது, கிருத்திகை என்றேன். மோர் மட்டும் வாங்கிக் குடித்தேன். கிருத்திகை நாலு நாள் முந்தியே போய்விட்டது.

ஆவணிக் கடைசியில் ஆரம்பித்தது. முதலில் உதடு மரத்துப்போனது என்றார்கள். பிறகு கால் தரையில் படுவது தெரியவில்லை என்றார்கள். நடந்தால் குடித்தவர்கள் போல ஆடினார்கள். மூங்கில் குழாய்க்குள் பார்ப்பது மாதிரி இருக்கிறது, பக்கத்தில் நிற்பவர் தெரியவில்லை என்றார் செல்லமுத்து. பேச்சு குழறியது. மலைத் தெய்வம் மாசி பெரியசாமிக்குக் கிடா வெட்டினார்கள். டோலி கட்டிக் கீழே தூக்கிப்போனவர்களில் இரண்டு பேர் காரவள்ளி போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்தவர்களுக்கும் என்ன தின்றோம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

கீழே போயிருந்த துரை ஓடிவந்தார். வெள்ளையன் பாய்க்குப் பக்கத்தில் மண்டி போட்டு, “விதையைத் தின்றாயா என்று கேள்” என்றார்.

“வெள்ளையா, வெதையப் போட்டீங்களா?” என்று கேட்டேன்.

அரசாங்க விதையை ஆக்கித் தின்றுவிட்டோமே என்று அவனுக்கு உள்ளே பயம். சுவரைப் பார்த்துக்கொண்டு, “போட்டமுங்க... எல்லாம் போட்டாச்சுங்க” என்றான்.

“இல்லை, தின்னவில்லை என்கிறான்.”

பெருமாயிக்கு அப்போது இன்னும் பேச்சு நன்றாக இருந்தது. சின்னதை மடியில் போட்டிருந்தாள். “அந்தச் செவப்புச் சோளத்தக் கழுவிக் கழுவித்தானுங்க ஆக்குனேன். நாலு தண்ணி கழுவுனேன். துரைகிட்டச் சொல்லுங்க சாமி. மருந்து இருந்தாக் குடுக்கச் சொல்லுங்க” என்றாள்.

“காட்டுக் கிழங்கு தின்றார்களாம்” என்றேன்.

துரை கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார். அந்த முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். கிழங்காக இருக்க வேண்டும் என்று அவரும் வேண்டிக்கொண்டுதான் மலை ஏறியிருந்தார். அவர் அடுப்போரம் இருந்த சட்டியைத் தூக்கி முகர்ந்து பார்த்திருக்கலாம். மூலையிலிருந்த சாக்கைத் திறந்து பார்த்திருக்கலாம். என் தோளைத் தட்டி நன்றி சொன்னார். இவர்களுக்கு இப்போது நாம் என்ன செய்யலாம் என்று கேட்டார்.

“இன்னும் சோளம் கேட்கிறார்கள்” என்றேன். அது உண்மை. எல்லோரும் பசியோடுதான் இருந்தார்கள்.

மூன்றே வாரத்தில் இரண்டாவது தவணை வந்தது, அதே சிவப்பு விதைச்சோளம். அந்த அலுவலகம் அவ்வளவு சுறுசுறுப்பாக வேறு எதையும் செய்து நான் பார்த்ததில்லை. சாக்கை நானே பிரித்துக் கொடுத்தேன். கேட்டவர்களுக்கு மட்டும்தான் கொடுத்தேன்.

முதல் தவணையில் போனவர்கள் நாலு பேர். இரண்டாவதில் பதினைந்து. வெள்ளையன் முதலில், அவன் பெண்கள் இருவரும் பிறகு. அது விஷம் என்று எனக்கு முதல் நாளிலிருந்து தெரியும். நிறுத்தியிருக்கக்கூடிய ஆள் மலையில் நான் ஒருவன்தான் என்பதும் தெரியும். ‘குறைபாடு’ என்று எழுதினால், ஏதோ இங்கிலீஷ் தெரியாதவன் உளறியதால் நடந்த காரியம் மாதிரி ஆகிவிடுகிறது. அது நியாயமில்லை.

அறுபத்திரண்டில் நான் பயிற்சிக்குப் போனேன். பனி வெள்ளையாகத்தான் இருந்தது. அங்கே ஒரு கூட்டத்தில், மலைமக்களின் அறியாமையை எப்படி வெல்வது என்று நாற்பது நிமிஷம் பேசினேன். கை தட்டினார்கள்.

இதை நீங்கள் வாக்குமூலமாக வைத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்பதாம் பக்கத்தைத் திருத்தினால் போதும்.

நாளை உங்கள் குழு தேவனூர் போகிறதாம். பெருமாயி உயிரோடு இருக்கிறாள். வாசலில் உட்கார்ந்திருப்பாள். யார் வந்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்வாள். நாக்கு மடங்கிப்போனதால் ஊர்க்காரர்களுக்கே புரிவதில்லை. எனக்குப் புரியும். என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவள் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் உங்களுக்குச் சொல்கிறேன்.