சிங்கப்பூர் ரேடியோவின் அதட்டல்

மயிலாப்பூர் லஸ் ஸ்டாப்பில் ஏறிய இரண்டு மாமிகள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் நகர்வதற்குள் ஜன்னலோர மாமி ஆரம்பித்துவிட்டார்.

"எங்காத்துக்காரரை நேத்து சிங்கப்பூர் ரேடியோ அதட்டித்து!"

"ரேடியோ எப்படி அதட்டும்?"

"கம்ப்யூட்டர்ல இன்டர்நெட்ல வர ரேடியோ. சிங்கப்பூர்லேர்ந்து மாப்பிள்ளை வந்திருந்தப்போ போட்டுக் குடுத்தார். டெலிபோன் ஒயரை அதுல சொருகணும். அது பாடிண்டிருந்தா நமக்கு யாரும் போன் பண்ண முடியாது. கேட்டு முடிச்சதும் எடுத்துடுங்கோன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னார். இவர் எடுத்தாத்தானே?"

"சரி, அதட்டல்?"

"பொண்ணுக்கு டாக்டர் அடுத்த மாசம்தான் நாள் குறிச்சிருந்தார், நேத்தே வலி வந்துடுத்து. மாப்பிள்ளை அடிச்சு அடிச்சுப் பார்த்திருக்கார், எங்காத்துல எங்கேஜ்டு. கடைசியில அந்த ரேடியோ ஸ்டேஷனுக்கே போன் பண்ணிட்டார். பாட்டை நிறுத்திட்டு ஒருத்தி சொல்றா, 'மயிலாப்பூர் தாத்தா, குழந்தை பொறந்தாச்சு, கொஞ்சம் லைனை விடுங்க!'"

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "இன்னா கொயந்த மாமி?"

"அதை அவ சொல்லலியே! குழந்தைக்குன்னு ஒரு பாட்டைப் போட்டுட்டா. இவர் அது முடியட்டும்ங்கறார். அதுவோ நின்னு நின்னு வரது. நான் ஒயரைப் பிடுங்கிப் போன்ல சொருகிட்டேன். உடனே போன் அடிச்சுது. பேத்தி! குழந்தை அழற சத்தம்கூட கேக்கறது. இவர் ரிசீவரை வாங்கி, 'மாப்பிள்ளே, பாட்டு பாதியில நின்னுடுத்து, இன்னொரு தரம் போடச் சொல்லுங்கோ'ங்கறார்!"