மெர்வ் ஹாடோவுக்கு ஒரு நிமிட மௌனம்

வால்வு ரேடியோ சூடாக மூன்று நிமிடம் பிடிக்கும், சார்ஜண்ட். மெர்வ் ஹாடோவின் செட் அறுபது வருடப் பழசு. சூடானதும் உள்ளே ஆரஞ்சு வெளிச்சம் வரும், குரல் கனிந்து கேட்கும். என்னுடையது நானே கட்டியது, கணினியோடு இணைந்தது, போட்டவுடன் பேசும். எனக்கு இரண்டும் பிடிக்கும். அவருக்குத்தான் ஒன்று மட்டும்.

அப்பா பண்ணை பண்ணையாகப் போய் ஆட்டு ரோமம் கத்தரிப்பவர். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது, மின்னணுப் பொறியியல். மேற்குக் குவீன்ஸ்லாந்தில் பக்கத்து வீடே நூறு கிலோமீட்டர். அதனால் ரேடியோவில்தான் பேசிக்கொள்வோம்; ஞாயிறு காலை பத்து மணிக்கு மெர்வ் எங்கள் ரேடியோ சங்கத்தாரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மூன்று வருடம் டீகன் என்ற என் பெயரை மட்டும் தாண்டிப் போனார். கேட்டால், "அது ரேடியோ இல்ல பாப்பா, டைப்ரைட்டர்" என்பார்.

பிப்ரவரி வெள்ளத்தில் அவர் பண்ணை தீவானது. புயலில் ஏரியல் சாய்ந்திருக்க வேண்டும், அந்த ஞாயிறு அவர் வரவில்லை. செயலாளர் என்பதால் நான் பெயர்களை வாசித்தேன்.

"மெர்வ் எங்கேம்மா?" என்று சங்கத்துக் கென் கேட்டார்.

"இறந்துட்டாருங்க. தூக்கத்துலயே."

அடுத்த ஞாயிறு அலைவரிசையில் அவருக்கு ஒரு நிமிட மௌனம். நாற்பதாவது வினாடியில், ஏரியலை எப்படியோ நிமிர்த்திவிட்டு, மெர்வ் குறுக்கே வந்தார்.

"டேய் மடையனுங்களா, நான் உயிரோடதான்டா இருக்கேன்."

"வெட்கங்கெட்ட பய," என்றார் கென். "டீகன் சொல்லி ஒரு வாரந்தான் ஆச்சு, செத்தவர் குரலையே எவனோ கம்ப்யூட்டர்ல பண்ணிட்டு வந்துட்டான். இந்தப் புது மெஷினெல்லாம் நாசம்னு மெர்வ் அப்பவே சொன்னாரு."

குறும்புக்காரனுக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. இறந்தவரின் கருவிகளை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்வது எங்கள் வழக்கம். இரண்டையும் முறைப்படி செய்தோம்.

"ரிசீவர் எனக்கு," என்றார் டோரீன்.

"அதுல கை வச்ச, கைய ஒடிச்சிருவேன் டோரீன்."

"திட்டுறதுகூட அச்சு அசல் அவரேதான்," என்று டோரீன் அழுதார்.

புதன்கிழமை மெர்வின் இதய மாத்திரை தீர்ந்தது. தொலைபேசிக் கம்பி வெள்ளத்தோடு போயிருந்தது. காலையும் மாலையும் ரேடியோவில் கூப்பிட்டார். "ஹெலிகாப்டருக்குச் சொல்லுங்கப்பா, மாத்திரை இல்ல." ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சங்கத்தின் கட்டுப்பாடு எனக்குப் பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை மெதுவாகப் பேசினார். "டீகன். நீ கேக்குறன்னு தெரியும். நான் சாகலன்னு உனக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தை சொல்லும்மா."

முதல் முறையாக என் பெயரைச் சொன்னார். பதிவேட்டில் எழுதினேன்: நேரம், அலைவரிசை, குரல் மிகத் தெளிவு. மைக்கைத் தொடவில்லை.

திங்களன்று மாட்டுக்குத் தீவனம் போட வந்த ஹெலிகாப்டர்காரர்கள்தான் அவர் உடலைப் பார்த்தார்கள். காதில் ஹெட்போன் இருந்ததாம்.

நான் பொய் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், சார்ஜண்ட். அந்த வரியை மட்டும் திருத்துங்கள். செய்தி சரியானதுதான். பதினைந்து நாள் முன்னால் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.