குரலுக்கு நேராக

கப்பலில் எனக்குக் குமட்டவே இல்லை. ஏற்காட்டு மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் ஏறி இறங்கியே வளர்ந்த உடம்பு இது, கடலெல்லாம் எந்த மூலைக்கு? என் தங்கை வனிதாதான் முதல் நாள் முழுக்க எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு என் மடியில் படுத்துக் கிடந்தாள். நாற்பது தாண்டியவள், குழந்தை மாதிரி. அந்த ஒரு நாளுக்காகவே அதை நல்ல பயணம் என்பேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

என் பெயர் ஆராயி. ஊர் தலைச்சோலை. கொஞ்சம் காபித் தோட்டம், நிழலுக்கு சில்வர் ஓக் மரம், மரத்தில் ஏறிய மிளகுக் கொடி. வனிதாவைப் பெற்றுப் போட்டுவிட்டு அம்மா கண்ணை மூடியபோது எனக்குப் பதினோரு வயசு. அன்றிலிருந்து அவளுக்கு எல்லாம் நான்தான். என்னைப் பெண் கேட்டு வராமல் இல்லை. நான் போய்விட்டால் அவளை யார் பார்ப்பது?

எங்கள் மலையில் பனி இறங்கினால் இரண்டு செடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாது. காபிப் பழம் பறிக்கிற நாங்கள் கூவித்தான் ஒருவரை ஒருவர் கண்டுபிடிப்போம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. கூவுகிறவள் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது. கேட்கிறவள் குரலுக்கு நேராக நடந்து வந்துவிடலாம், காலடியைக்கூடப் பார்க்க வேண்டாம். நடுவில் பள்ளம் இருந்தால் கூவவே கூடாது. சுற்றி வந்து, நல்ல தரையில் நின்ற பிறகுதான் கூவ வேண்டும். வனிதா நடை பழகிய நாளிலேயே இதை நான் அவளுக்குப் பழக்கிவிட்டேன். என் குரலை நம்பி நடந்து அவள் ஒரு நாளும் இடறியதில்லை.

மாதேஷைப் பற்றியும் எப்படியும் கேட்பீர்கள். அவளைக் கட்டியவன். வேலைக்குக் குறையில்லாத ஆள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் திருப்பூருக்குப் போகலாம், பனியன் கம்பெனியில் சேரலாம் என்று அவள் காதில் ஓதிக்கொண்டே இருந்தான். மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஒருவர் ஏறினால், ஏணியின் காலை இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குப் பிடித்தது நான். அவன் உச்சியிலிருந்து, "ஏனுங்க, வர்ற வாரம் நாங்க கெளம்பறமுங்க, தோட்டத்த நீங்க பாத்துக்குங்க" என்றான். நான் ஏணிக்காலை வெளியே இழுத்தேன்.

கீழே கிடந்தவனுக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. கண் மட்டும் என்னையே பார்த்தது. ஒரு கூவல் போட்டிருந்தால் ஆட்கள் ஓடி வந்திருப்பார்கள். அந்தக் கண் அடங்கும்வரை நான் சிதறிய மிளகைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். மழை வந்தால் வீணாகிவிடும். வனிதா அழுதாள், பிறகு என் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினாள். எவ்வளவோ வருஷம் நிம்மதியாக இருந்தோம்.

இந்தக் கப்பல் பயணம் அவளுடைய ஏற்பாடு. "நீ கடலையே பாத்ததில்லயேக்கா" என்று போனிலேயே இடம் பிடித்துவிட்டாள். கப்பல் சின்னது. உங்கள் ஊர்க் கரைவரை வர முடியாமல் கடலிலேயே நின்றது. படகில் கொண்டுவந்து இறக்கினார்கள். வெள்ளைக்காரன் கட்டிய கோட்டை, மஞ்சள் சுவர் வீடுகள், எழுத்து தேய்ந்துபோன கல்லறைகள் என்று கைடு அமலி எல்லாவற்றையும் காட்டினாள். நல்ல பெண். கோட்டை மதிலில் ஓரிடத்தைக் கடல் தின்றுவிட்டிருந்தது. பெரிய பிளவு, அடியில் பாறையும் இடிந்த செங்கல்லும். குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். "அந்தப் பக்கம் போகணும்னா படி எறங்கிச் சுத்தித்தான் வரணும்" என்றாள் அமலி.

அங்கேதான், பிளவுக்குப் பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டே வனிதா சொன்னாள். எங்கள் மலையிலேயே கொட்டச்சேட்டில் ஒரு எஸ்டேட்டில் சந்திரசேகர் என்று கணக்கெழுதுகிற ரைட்டர் இருக்கிறார். மனைவி இறந்துவிட்டாள். அவரை இவள் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். என்னை எதற்குக் கடல் பார்க்கக் கூட்டிவந்தாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அப்பறம் நம்ம ஊடு?" என்றேன்.

"ஊட்டுல நீ இருக்கறயேக்கா. கொட்டச்சேடு என்ன, கடலுக்கு அந்தப் பக்கமா இருக்குது? பஸ்ஸு ஏறுனா வந்தர்றேன். அவரு நொம்ப நல்லவருக்கா. நீயுங்கூட வந்து இருன்னுதான் சொன்னாரு."

சுண்டல் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். கண்ட இடத்தில் எறிவது எனக்குப் பிடிக்காது.

மறுநாள் விடிகாலையில் சூரியோதயம் பார்க்கவென்று எங்களை மறுபடியும் கோட்டைக்குக் கூட்டி வந்தார்கள். சூரியன் எங்கே வந்தது? மார்கழிப் பனி மதிலை மூடிக் கிடந்தது. எனக்கு எங்கள் மலைக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. எல்லாரையும் ஒரே இடத்தில் நிற்கச் சொன்னாள் அமலி. வனிதா போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நடந்தாள். யாருடன் பேசினாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிரித்தாள். அப்படி அவள் என்னிடம் சிரித்ததே கிடையாது.

நான் கயிற்றை அவிழ்த்தேன். படி இறங்கி, சுற்றி, பிளவுக்கு அந்தப் பக்கம் ஏறி நின்றேன். தோட்டத்தில் கூவுகிற மாதிரியே கூவினேன்.

"ஓஓய்" என்று பதில் வந்தது. செருப்புச் சத்தம் நேராக என்னை நோக்கி வந்தது. தயங்கவே இல்லை. பிறகு அந்தச் சத்தம் நின்றது, கீழே வேறொரு சத்தம் கேட்டது.

இறங்கிப் போனேன். தொடை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. மூச்சு இருந்தது. அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, அந்த நிமிஷம் அவளைக் காப்பாற்றத்தான் நினைத்தேன். நடக்க முடியாவிட்டால் என்ன, நான் தூக்கிச் சுமப்பேனே. "ஒண்ணுமில்ல கண்ணு, அக்கா இருக்கறேன்" என்றேன். அவள், "அவருக்குப் போன் பண்ணுக்கா" என்றாள்.

அந்தக் காலத்துச் செங்கல் இப்போதைய செங்கல் மாதிரி இல்லை, நல்ல கனம். முதல் அடியில் முடியவில்லை. கையைக் குறுக்கே வைத்தாள். விரலோடு சேர்த்து அடிக்க வேண்டியதாயிற்று. நெற்றி உள்ளே போன பிறகும் கால் உதறிக்கொண்டிருந்தது. அடங்கும்வரை அடித்தேன். அமலி வந்து பார்த்தபோது நான் வனிதாவின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தேன். மணல் ஒட்டியிருந்தது.

உடம்பைத் தலைச்சோலைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கொட்டச்சேட்டுக்கு இல்லை. அவள் என்னைத்தான் தேர்ந்தெடுத்தாள், ஐயா. காதில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, நான் கூவியதும் என் பக்கமாகத்தானே நடந்து வந்தாள்?

அந்த ரைட்டர் உங்களிடம் வேறு மாதிரி சொன்னதாகச் சொல்கிறீர்கள். போனை வைக்கும் முன் வனிதா, "அக்காளுக்குப் பனியில வழி தப்பிருச்சாட்ட இருக்குதுங்க, பயந்துக்கும், போயிக் கூட்டிட்டு வந்தர்றேன்" என்றாளாம்.

அவர் சொல்லட்டும். எனக்கு ஏன் வழி தப்பப் போகிறது? நான் நல்ல தரையில்தான் நின்றிருந்தேன்.